புயல் முகாமில் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும்: என்னென்ன தயாரா இருக்கணும்?

கேட்டவர்: உப்பளத்தான்

வணக்கம். எங்க ஊராட்சி வேதாரண்யம் பக்கம், கடலோரம். புயல்னா எங்க ஊர் மேல்நிலைப் பள்ளிதான் நிவாரண முகாம். சுமார் 400 பேர் வருவாங்கன்னு கணக்கு. பாய், அரிசி, ஜெனரேட்டர், தார்ப்பாய் எல்லாம் வருவாய்த்துறையும் ஊராட்சியும் பட்டியல் போட்டாச்சு. மாசமா இருக்கிறவங்க, பிள்ளை பெத்து சில நாளே ஆனவங்க, கைக்குழந்தைக்காரங்க இவங்களுக்கு மட்டும் "ஒரு ரூம் ஒதுக்கிடலாம்" என்ற ஒரு வரிதான் இருக்கு.

2018 கஜா மாதிரி ஒண்ணு வந்தா ரெண்டு நாள்ல முகாம் கலையாது. கரண்ட் வரவே வாரக்கணக்காகும். அதனால என்ன வேணும், எவ்வளவு வேணும், எங்க தப்பு நடக்கும்னு தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

இன்னொண்ணு. சென்னையிலிருந்து ஒரு குழு பால்பவுடர் டின்னும் பால்புட்டியும் அனுப்பறோம்கிறாங்க. வாங்கி வைக்கலாமா?

---

பதில்: கிராமச்செவிலி

ரூமுக்கு முன்னாடி எண்ணிக்கை. தமிழ்நாட்டுல ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 14 பிறப்பு. அப்படின்னா 400 பேர்ல எந்த நேரத்திலும் நாலைஞ்சு கர்ப்பிணி, ஆறு மாசத்துக்குள்ள மூணு குழந்தை, ரெண்டு வயசுக்குள்ள மொத்தமா பத்துப் பதினொண்ணு இருக்கும். ஆனா முகாமுக்கு வர்ற கூட்டம் ஊர் கணக்குப்படி வராது. படகையும் ஆட்டையும் பார்த்துக்க ஆம்பளைங்க பாதிப்பேர் வீட்டுலயே தங்கிடுவாங்க, பொம்பளைங்களும் குழந்தைகளும்தான் வருவாங்க. அதனால இந்த எண்ணிக்கையை ரெண்டு மடங்காக்கித் தயார் பண்ணுங்க.

பேர் பட்டியல் ஏற்கெனவே இருக்கு. உங்க துணை சுகாதார நிலையத்து நர்ஸ்கிட்ட ஒவ்வொரு கர்ப்பிணியோட பிக்மி எண் (அரசு கர்ப்பப் பதிவு எண்), பிரசவத் தேதி, ரத்தப் பிரிவு, யாருக்கு என்ன சிக்கல் எல்லாம் இருக்கும். அங்கன்வாடியில குழந்தைகள் பட்டியல் இருக்கும். அக்டோபர் தொடக்கத்துலயே ரெண்டையும் சேர்த்து ஒரே தாள்ல எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வைங்க. போன்ல மட்டும் வச்சா சார்ஜ் போனதும் பட்டியலும் போயிடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். நிறைமாசக்காரங்க முகாமுக்கே வரக்கூடாது. புயல் கரையைக் கடக்க 48 மணி நேரம் இருக்கும்போதே எச்சரிக்கை வந்துடும், அப்பவே அவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். காத்து அடிக்க ஆரம்பிச்சா 108 வண்டியாலயும் ஓட முடியாது. அனுப்ப வேண்டியவங்க: பிரசவத் தேதிக்கு ரெண்டு வாரமோ அதுக்குக் குறைவாவோ இருக்கிறவங்க, முன்னாடி சிசேரியன் ஆனவங்க, ரெட்டைக் குழந்தை, ரத்தக் கொதிப்பு, ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே உள்ளவங்க. சிசேரியனும் ரத்தம் ஏத்தற வசதியும் உள்ள சீமாங்க் மையம் எது, அதுக்குப் போக ரெண்டு வழி எது, எந்த வழியில மரம் விழும், எது முழுகும்னு முன்கூட்டியே எழுதி வைங்க. 2024 அக்டோபர்ல டானா புயலுக்கு ஒடிசாவில நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை முன்னாடியே ஆஸ்பத்திரிகளுக்கு மாத்தினாங்க. செய்ய முடியாத வேலை இல்லை.

வீட்டுல ஏன் அனுப்ப மாட்டேங்கிறாங்கன்னா, பெரும்பாலும் மூத்த பிள்ளையை யார் பார்க்கிறதுங்கிற கவலைதான். கூட மாமியாரோ அம்மாவோ, அந்த மூத்த பிள்ளையும் வரலாம்னு முதல்லயே சொல்லிட்டா பாதி எதிர்ப்பு அடங்கிடும்.

முகாம் பதிவு மேசையில ஒரு பெண் தன்னார்வலர் உட்காரணும். ரெண்டு மூணு மாசக் கர்ப்பத்தை யாரும் கூட்டத்துல சொல்ல மாட்டாங்க, தனியா கேட்கணும். சமீபத்துல கரு கலைஞ்சவங்க, குழந்தை இறந்து பிறந்தவங்களையும் விசாரிச்சு வைங்க. அவங்களுக்கும் மார்ல பால் கட்டும், ரத்தப்போக்கு இருக்கும். ஆனா அவங்களைக் கைக்குழந்தைக்காரங்க ரூம்ல படுக்க வைக்கவே கூடாது.

அறையோட உள்பக்கச் சுவர்ல பெருசா எழுதி ஒட்ட வேண்டியது:

கர்ப்பிணிக்கு: தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீங்கறது, வலிப்பு, எந்த அளவு ரத்தப்போக்கானாலும், பனிக்குடம் உடையறது, காய்ச்சல், குழந்தை அசைவு குறையறது.
பிரசவம் ஆனவங்களுக்கு: ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேடு முழுசா நனையறது, காய்ச்சல், கெட்ட வாடையோட போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது.
பச்சைக் குழந்தைக்கு: பால் குடிக்காம சுருண்டு கிடக்கறது, நிமிஷத்துக்கு 60-க்கு மேல மூச்சு, நெஞ்சு உள்வாங்கறது, உடம்பு சில்லுன்னு ஆகறது அல்லது கொதிக்கறது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகறது.

இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

---

பதில்: நிவாரணத்தோழன்

செவிலி அக்கா சொன்னது எல்லாம் சரி. பால்பவுடர் விஷயத்துல மட்டும் வாங்கி வைக்கிறதுதான் நல்லதுன்னு தோணுது. பயத்துலயும் பட்டினியிலயும் நிறையப் பேருக்குப் பால் வத்திடுதே? குழந்தை அழும்போது கையில டின் இல்லைன்னா என்ன பண்றது?

---

பதில்: பாலாடை

உப்பளத்தான், அந்த டின்களை வாங்காதீர்கள். புட்டியை நிச்சயமாக வாங்காதீர்கள். தோழன் கேட்ட கேள்வி நியாயமானது, எல்லா முகாமிலும் எழுவது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் சட்டம். குழந்தைப் பால்பவுடர், பால்புட்டி பற்றிய 1992-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் (2003-இல் திருத்தப்பட்டது) ஆதரவற்றோர் இல்லங்கள் தவிர வேறு யாருக்கும் இவற்றை நன்கொடையாகக் கொடுப்பதைத் தடை செய்கிறது. நல்லெண்ணத்தில் அனுப்பினாலும் அதே தடைதான்.

அதைவிடப் பெரிய காரணம் வயிற்றுப்போக்கு. 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நன்கொடைப் பால்பவுடர் ஏராளமாக விநியோகம் ஆனது. பின்னர் நடந்த ஆய்வில், அது கிடைத்த சின்னக் குழந்தைகளில் 25.4 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது, கிடைக்காதவர்களில் 11.5 சதவீதம்தான். தண்ணீர் சுத்தமில்லை, கொதிக்க வைக்க அடுப்பு இல்லை, புட்டியின் ரப்பர் மூடியைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. முகாமில் இந்த மூன்றும் சேர்ந்துதான் இருக்கும்.

இனி "பால் வத்திடுச்சு" என்பது. மார்பில் பால் ஊறுவது ஒரு வேலை, ஊறிய பால் வெளியே சுரப்பது இன்னொரு வேலை. பயம், அதிர்ச்சி, குளிர், கூட்டத்தில் கூச்சம் இவையெல்லாம் இரண்டாவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும், முதலாவதை நிறுத்தாது. குழந்தை வாய் வைத்ததும் பால் வராது, அது அழும், தாய் பயப்படுவாள், இன்னும் சுரக்காது. அந்த நேரத்தில் யாராவது ஒரு டின்னை நீட்டினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பு காலியாகாது. காலியாகாத மார்பில் ஊறுவது உண்மையிலேயே குறையும். நாலு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 மில்லி வேண்டும், 400 கிராம் டின் ஐந்து நாள்தான் வரும். ஆறாம் நாள் டின்னும் இல்லை, தாய்ப்பாலும் குறைந்துபோயிருக்கும். அன்றைக்கு டீக்குப் போடும் பால்பவுடரையோ மில்க்மெய்டையோ கரைத்துக் கொடுப்பார்கள். இரண்டும் கைக்குழந்தைக்கு ஆகாது.

அரைப்பட்டினியில் இருக்கும் தாய்க்கும் பால் ஊறும். பாதிக்கப்படுவது அவள் உடம்பு. ஆகவே சோறு போட வேண்டியது தாய்க்கு.

ஒரு தாய் பால் இல்லை என்றால் செய்ய வேண்டியது: ஈரத்துணி மாற்றி, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து உட்கார வைத்து, குழந்தையைத் துணியில்லாமல் நெஞ்சோடு ஒட்டி வைத்து மேலே போர்த்துங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான கஞ்சி கொடுங்கள். பின்னால் இருந்து ஒருவர் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக நீவி விடலாம், சுரப்பைத் தூண்டும். குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவளையமும் வாய்க்குள் போகிறதா பாருங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவிலும். ஐந்து நாள் தாண்டிய குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். மார்பு தொளதொளவென்று இருப்பதும், அடிக்கடி பால் கேட்பதும் பால் இல்லாததன் அடையாளம் அல்ல.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கும் திரும்பக் கொண்டுவர முடியும். குழந்தை மார்பைச் சப்பிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து பாலாடையால் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) சொட்டுச் சொட்டாகப் பால் விட வேண்டும், அது காம்பின் வழியாக வாய்க்குள் இறங்கும். சப்பினால் பால் வருகிறது என்று குழந்தை விடாமல் சப்பும், மார்பு தூண்டப்படும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம்.

தாய்க்குக் காய்ச்சல், பேதி, டெங்கு இருந்தாலும் பால் கொடுக்கலாம். மழையில் நனைந்தவள் பால் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் தடுப்பார்கள், பொறுமையாகப் பேசிப் பாருங்கள். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், கழுதைப்பால் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆறு மாதத்துக்குள் வெறும் தண்ணீரும் வேண்டாம்.

பால்பவுடர் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகளும் உண்டு: தாய் இறந்துவிட்டால், பிரிந்துவிட்டால், நினைவில்லாமல் இருந்தால், புயலுக்கு முன்பிருந்தே பவுடர் பால் மட்டுமே குடித்து வந்தால். இவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதிக் கொடுத்து, அந்தக் குழந்தையின் பெயரில் மட்டும், தொடர்ந்து கிடைக்கும்படி வாங்க வேண்டும். மேசையில் அடுக்கி வைத்துப் பொதுவில் கொடுக்கக் கூடாது. கரைக்கும்போது, பவுடரில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீர் போதாது, 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்து இறக்கிய தண்ணீரை அரை மணிக்குள் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு டின்னில் உள்ள கரண்டியால் தலைதட்டி டின்னில் போட்டிருக்கும் கணக்குப்படி பவுடர். நிறைய நாள் வரட்டும் என்று நீர்க்கக் கரைப்பதுதான் வழக்கமான தவறு. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, பாலாடையால் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

சென்னைக் குழுவிடம் இதைக் கேளுங்கள்: எவர்சில்வர் பாலாடை 10, மூடியுள்ள இரண்டு லிட்டர் பாத்திரம், பிளாஸ்க், குழாய் வைத்த மூடிய தண்ணீர் டிரம், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, கனமான சால்வை, பெரிய அளவு பேடு, கடலை மிட்டாய், முட்டைக்குப் பணம். "பால்பவுடர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் சங்கடப்படுவார்கள், அடுத்த முகாமுக்கு அதையே அனுப்பிவிடுவார்கள்.

---

பதில்: நிவாரணத்தோழன்

ஆறாம் நாள் கணக்கு எனக்குத் தோணவே இல்லை. சாப்பாடு எப்படி? முகாம்ல காலைல பொங்கல், மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி உப்புமாதான் வரும்.

---

பதில்: பாலாடை

அது அடித்தளம். கர்ப்பிணிக்கு அதற்கு மேல் நாளைக்கு 350 கலோரி, முதல் ஆறு மாதம் பாலூட்டுபவருக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கு. ஒரு அவித்த முட்டை, 30 கிராம் கடலை மிட்டாய் இரண்டு, 50 கிராம் அங்கன்வாடி சத்துமாவில் ஒரு தம்ளர் கஞ்சி, இவை மூன்றும் சேர்ந்தால் 600-க்குக் கிட்ட வந்துவிடும். அடுப்பு எரியாத நாளில் பொட்டுக்கடலையும் வெல்லமும்.

இதைப் பொது வரிசையில் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்குப் போய்ச் சேராது. ஒரு கையில் குழந்தையோடு அரை மணி நிற்க முடியாமல் கடைசியில் வருவார்கள், அதற்குள் அண்டா காலி. அறைக்கே கொண்டுபோய், கண் முன்னால் சாப்பிடச் செய்யுங்கள். இல்லையென்றால் முட்டை மூத்த பிள்ளைக்கோ கணவருக்கோ போய்விடும். மூத்த பிள்ளைக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கலும் தீரும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு, சத்துணவுக் கூடத்தில் காரமும் புளியும் சேர்க்கும் முன்னால் கொஞ்சம் பருப்பும் சோறும் தனியாக எடுத்து, குழைய மசித்து எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லுங்கள். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பது உணவாகாது.

---

பதில்: கொத்தனார்மகன்

கட்டடம் பக்கமிருந்து சில விஷயம்.

பள்ளிக் கழிப்பறை குழந்தைகளுக்குக் கட்டினது. பேசின் சின்னது, கதவு அரைக்கதவு, உள்தாழ்ப்பாள் பாதி இடத்துல கிடையாது. எட்டு மாச வயித்தோட அதுல குந்தி எழுந்திரிக்க முடியாது. அதனால அவங்க என்ன பண்ணுவாங்க? தண்ணி குடிக்கிறதைக் குறைப்பாங்க. சிறுநீர்த் தாரையில கிருமி சேரும், காய்ச்சல் வரும், கர்ப்பிணிக்கு அது குறைமாசப் பிரசவத்துல கொண்டு விடும். தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவுல ஆரம்பிக்கிற பிரச்சினை இது.

செய்ய வேண்டியது: பெண்கள் கழிப்பறையில ரெண்டுக்கு முழுக்கதவு, உள்தாழ்ப்பாள். சுவர்ல இடுப்பு உயரத்துல ஒரு இரும்புக் குழாய் பிடி, நாலு போல்ட்தான். பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ரெண்டு, பேசினுக்கு மேல வச்சா போதும். பேட்டரி விளக்கு வழி நெடுக, கழிப்பறைக்குள்ளயும். 20 பேருக்கு ஒண்ணு, ஆண்களுக்கு ஒண்ணுன்னா பெண்களுக்கு மூணு, தூரம் 50 மீட்டருக்கு மிகாம, இதெல்லாம் உலக அளவுல முகாம்களுக்கு வச்சிருக்கிற குறைந்தபட்ச அளவு. உங்க பள்ளியில அது வராது, அதனால தட்டி கட்டித் தற்காலிகக் கழிப்பறை போட இடத்தை இப்பவே குறிச்சு வைங்க.

அறை: கழிப்பறைக்குப் பக்கத்து வகுப்பறை. மாடி வேண்டாம். தரைத்தளத்துல வெள்ளம் ஏறும்னா மாடிதான், அப்ப படிக்கட்டுல கயிறாவது கட்டுங்க. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20-க்கு 20 அடி அறையில பத்துப் பேருக்கு மேல கூடாது. ஈரச் சிமெண்ட்டுத் தரைமேல முதல்ல தார்ப்பாய், அதுமேல பாய், அப்புறம் ஜமுக்காளம். பெஞ்சு ரெண்டைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைக்காதீங்க, நடுராத்திரி விலகும், குழந்தை நடுவுல விழும். இரும்புக் கட்டில் மூணு நாலு எங்கயாவது கடன் வாங்குங்க. கைப்பிடி வச்ச நாற்காலி அஞ்சு, பால் கொடுக்க.

ஜன்னலுக்குக் கீழ்ப்பாதி மட்டும் துணி கட்டுங்க. முழுசா மூடினா புழுக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. வெறும் புடவையைக் கயித்துல தொங்க விட்டா காத்துல பறக்கும், அடியில கல் வச்சுத் தைங்க. வீட்டு ஆம்பளைங்க வந்து பார்க்க வாசல்ல ஒரு இடம் வேணும். குடும்பத்துலேர்ந்து துண்டிச்ச மாதிரி இருந்தா அந்த ரூம் காலியாதான் கிடக்கும், எல்லாரும் வராந்தாவுலயே படுப்பாங்க.

குடிதண்ணி தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கரைச்சுத் தெளிவை ஊத்தி அரை மணி விடுங்க. பழைய மூட்டையில வீரியம் இருக்காது, சுகாதார ஆய்வாளர் குளோரின் அளவைப் பார்த்துச் சொல்லட்டும்.

---

உப்பளத்தான்

எல்லாருக்கும் நன்றி, பாதிக்கு மேல எங்க பட்டியல்ல இல்லாதது. ஒரே ஒரு கேள்வி. எவ்வளவு பண்ணினாலும் தேதிக்கு முன்னாடியே வலி வந்து, ரோடு அடைச்சு, வண்டி வர முடியலைன்னா?

---

பதில்: கிராமச்செவிலி

அதுக்குத்தான் முன்னாடியே மூணு உறை தயார் பண்ணி, நல்லா மூடி வைக்கணும். ஒவ்வொண்ணுலயும்: சோப்பு, ஒரு மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை ரெண்டு ஜோடி, பிரிக்காத புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட சுத்தமான நூல் ரெண்டு, மெல்லிய பருத்தித் துணி மூணு, பெரிய பேடு. சுகாதார நிலையத்துல கேட்டா அவங்களே கட்டித் தருவாங்க.

முதல் வேலை 108-க்குச் சொல்லிட்டு லைனை வெட்டாம அவங்க சொல்றபடி செய்யறது. முகாம்ல ஓய்வு பெற்ற நர்ஸ் யாராவது இருக்காங்களான்னு பதிவு அன்னைக்கே கேட்டு வைங்க. யாருமே இல்லைன்னா கை வைக்கிறதைவிட கை வைக்காம இருக்கிறதுதான் பெரும்பாலும் நல்லது. வயித்தை அமுக்காதீங்க, குழந்தையை இழுக்காதீங்க. தலை வந்தா தாங்கிப் பிடிங்க. வெளிய வந்ததும் உடனே துடைச்சு, ஈரத்துணியை மாத்தி, தாயோட நெஞ்சுமேல போட்டுப் போர்த்துங்க. அழலைன்னா முதுகை நல்லா தேய்ச்சு விடுங்க. தலைகீழா பிடிச்சுத் தட்டாதீங்க.

கொடி துடிப்பு நிக்கிற வரைக்கும் விடுங்க. வண்டி சீக்கிரம் வந்துடும்னா வெட்டவே வேண்டாம், நஞ்சுக்கொடியோட சேர்த்தே துணியில சுத்திக் கொண்டு போகலாம். வெட்டித்தான் ஆகணும்னா ரெண்டு இடத்துல இறுக்கிக் கட்டி நடுவுல புது பிளேடால வெட்டணும். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. நஞ்சுக்கொடியை இழுத்து எடுக்காதீங்க. அரை மணிக்கு மேலாகியும் வரலைன்னாலும், ரத்தம் கொட்டினாலும் படகோ டிராக்டரோ எதுலயாவது ஏத்தி அனுப்பிடணும். முதல் மணி நேரத்துக்குள்ள பால் கொடுத்துட்டா சீம்பால் போகும், கர்ப்பப்பையும் சுருங்கும், ரத்தப்போக்கு குறையும். அன்னைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், குழந்தை சில்லிட்டுடும்.

பிறந்த நேரத்தை எழுதி வைங்க. அந்தம்மாவோட பிக்மி எண்ணும் அதே தாள்ல இருந்தா பிறப்புப் பதிவுக்கு அலைச்சல் இருக்காது.

---

பதில்: மருந்துக்கடைக்காரர்

விடுபட்டது ஒன்று. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முகாமில் வரிசையாகக் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் அதை அப்படிக் கொடுக்கக் கூடாது, பாலூட்டுபவர் மருத்துவரிடம் கேட்டபின்தான். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கர்ப்பிணிக்கு வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரை முகாமில் இருக்கும் நாளிலும் நிற்கக் கூடாது. தினமும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், டீயோடு சேர்க்காமல். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் போடச் சொல்லாதீர்கள், இரும்பு உடம்பில் சேராது. கால்சியத்தைக் காலையிலும் மதியத்திலும், இரும்பை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேருக்குப் பத்து நாள் என்றால் இரும்பு 80, கால்சியம் 160. ஈரம் படாத டப்பாவில்.